முடிவுறு கணிதமும் நம் முதலாண்டு மாணவரும்

(வெள்ளி விழா இளைஞர் அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

விழா மேடைகளில் பேச வருவோர் கல்வியின் பெருமையை எடுத்துரைப்பது வழக்கம். நம் சங்கத்தார்க்கு அது தேவையில்லை. படிக்க வேண்டும் என்று நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டிய காலம் கடந்துவிட்டது. எதைப் படிப்பது, எதை விட்டுவிடுவது என்ற இடத்தில்தான் நாம் இடறுகிறோம். ஆகவே இன்று ஒரே ஒரு பாடத்தைப் பற்றி மட்டும் பேச எண்ணுகிறோம். அதுவும் நாம் கல்லூரியில் படிக்காத பாடம். நாம் பட்டம் பெற்றது வரலாற்றில். கணிதத்தைப் பற்றி வரலாற்றுக்காரர் பேசலாமா என்று நண்பர் ஒருவர் வாயிலிலேயே நிறுத்திக் கேட்டார். கேட்கத்தக்க கேள்விதான். விடையை உரையின் நடுவில் அவரே கண்டுகொள்வார்.

அப்பாடத்தின் பெயர் முடிவுறு கணிதம். ஆங்கிலத்தில் ஃபைனைட் மேத்தமேட்டிக்ஸ் என்பர். பள்ளிக் கணித நூலில் ‘முடிவுறு கணம்’ என்ற சொல்லைப் படித்திருப்பீர்கள். எண்ணி முடிக்கத்தக்க உறுப்புகளைக் கொண்ட தொகுதி அது. அவ்வாறு எண்ணி முடிக்கத்தக்க பொருள்களைப் பற்றிய கணிதத்தையே கல்லூரி முதலாண்டில் ஒரு தாளாக வைக்கின்றனர். கணங்கள், தருக்கம், வரிசை மாற்றம், சேர்மானம், நிகழ்தகவு, அணிகள், நேரியல் திட்டமிடல் ஆகியவை அதன் உறுப்புகள். அமெரிக்கக் கல்லூரிகளில் கலை, வணிகம் பயிலும் மாணவர்க்கு இப்பெயரிலேயே தாள் உண்டு. நம் பகுதிக் கல்லூரிகளில் இப்பெயரைத் தேடினால் கிடைப்பது அரிது. பி.காம். மாணவர்க்கு வணிகக் கணிதம் என்றும், கணினி பயில்வோர்க்கு டிஸ்கிரீட் மேத்தமேட்டிக்ஸ் என்றும் வேறு வேறு சட்டை அணிந்து வரும். உள்ளே இருக்கும் ஆள் பெரும்பாலும் ஒருவர்தான்.

இப்பாடத்திற்கும் எமக்கும் தொடர்பு ஏற்பட்டது எம் தவறு ஒன்றால். அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் மண்டபம் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்து பயின்ற மாணவி ஒருத்தி பத்தாம் வகுப்புத் தேறினாள். தாய் கருவாட்டுக் கொட்டகையில் கூலி வேலை செய்பவர். கணிதத்தில் மகள் பெற்றது 41. மேல்நிலை வகுப்பில் எந்தப் பிரிவு எடுப்பது என்று கேட்க இருவரும் வந்தனர். “அய்யா, நீங்கள் எதைச் சொல்கிறீர்களோ அதையே எடுக்கட்டும்” என்றார் தாய். நாம் மதிப்பெண் பட்டியலைப் பார்த்தோம். பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. “கணக்கு உனக்குச் சுமை அம்மா. வணிகவியல் எடு, அதிலும் வணிகக் கணிதம் இல்லாத பிரிவாகப் பார்த்து எடு” என்றோம். நல்லெண்ணத்தோடுதான் சொன்னோம். ஆனால் அச்சொல் எங்கிருந்து வந்தது என்று பின்னர் எண்ணிப் பார்த்தபோது நெஞ்சு சுட்டது. நாம் பள்ளியில் பயின்றபோது ஆசிரியர் ஒருவர், பெயரும் ஊரும் வேண்டா, கரும்பலகைக் கணக்கிற்கு விடை சொல்ல எழுந்த நம்மை உட்காரச் சொல்லி, “உனக்கெதற்கு இது? உதவித்தொகை வருகிறதல்லவா, தேறினால் போதும்” என்றார். அன்று உட்கார்ந்தவர்கள்தாம் நாம். கணிதத்தைப் பொறுத்தவரை அதற்குப் பின் எழவே இல்லை. அவர் இகழ்ச்சியாகச் சொன்னதை, முப்பது ஆண்டுகள் கழித்து நாம் இரக்கமாகச் சொன்னோம். பிள்ளைக்கு விளைந்தது ஒன்றே.

அவள் மேல்நிலையில் நல்ல மதிப்பெண் பெற்றுக் கல்லூரியில் பி.காம். சேர்ந்தாள். முதலாண்டிலேயே வணிகக் கணிதத் தாள் இருந்தது. பருவத் தேர்வில் அத்தாள் போயிற்று. அரியர் விழுந்த செய்தியோடு வீட்டிற்கு வந்து நின்று, “அய்யா, கணக்கு வேண்டாம் என்றீர்கள். கணக்கு என்னை விடவில்லையே” என்றாள். எம்மிடம் விடை இல்லை. அவளைப் போலவே தாள் போனவர்கள் அக்கம்பக்கத்து ஊர்களில் இன்னும் நால்வர் இருப்பது விசாரித்தபின் தெரிந்தது. அனைவரும் முதல் தலைமுறைப் பட்டதாரி ஆக வேண்டியவர்கள்.

உச்சிப்புளியில் குடியிருந்த ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவரை அணுகினோம். ஞாயிறுதோறும் காலையில் வர இசைந்தார். ஒரு நிபந்தனை விதித்தார்: நாமும் மாணவரோடு பலகையில் அமர வேண்டும். ஐம்பது வயதில் ஆறாவது மாணவராக அமர்ந்தோம்.

முதல் நாள் அவர் நூலைத் திறக்கவில்லை. “தமிழில் எழுத்து எத்தனை?” என்றார். 247 என்றோம். “எப்படி?” என்றார். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என்றாள் அம்மாணவி. “216 எங்கிருந்து வந்தது? எவராவது ஒவ்வொன்றாக எண்ணினீர்களா?” என்று மறுபடியும் கேட்டார். பதினெட்டு மெய்களில் ஒவ்வொன்றும் பன்னிரண்டு உயிர்களோடு கூடுவதால் 18 பெருக்கல் 12 என்று ஒரு பையன் சொன்னான். ஆசிரியர் சாக்குக்கட்டியைக் கீழே வைத்துவிட்டார். “பெருக்கல் விதி முடிந்தது. உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் என்று ஒன்றோடொன்று கலவாத நான்கு கூட்டங்களைக் கூட்டி 247 என்றீர்களே, கூட்டல் விதியும் முடிந்தது. தாளில் முதல் அலகு இவ்வளவுதான். ஒன்றாம் வகுப்பிலேயே படித்துவிட்டு வந்து, தெரியாது என்று அழுகிறீர்கள்” என்றார்.

அன்று எமக்குத் தெரிந்தது ஒன்று. இக்கணிதத்திற்கு வகைநுண்கணிதம் வேண்டா, முக்கோணவியல் வேண்டா, பத்தாம் வகுப்பில் நம் பிள்ளைகளை விரட்டிய வடிவியல் தேற்றங்கள் வேண்டா. பின்னமும், எட்டாம் வகுப்புச் சமன்பாடும், சொல்லை நிறுத்திப் படிக்கும் பொறுமையும் இருந்தால் நுழைந்துவிடலாம். பத்தாம் வகுப்பில் 41 பெற்றவர் இதில் தோற்றே தீரவேண்டும் என்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

இரண்டாம் வாரம் எமக்கே ஓர் அவமானம் நேர்ந்தது. பலகையில் 5 என்று எழுதி அதன் பக்கத்தில் வியப்புக்குறி இட்டார் ஆசிரியர். இதில் வியக்க என்ன இருக்கிறது என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டோம். பிள்ளைகள் சிரித்துத் தீர்த்தனர். அது காரணீயக் குறி என்றும், 5, 4, 3, 2, 1 ஆகியவற்றைப் பெருக்கி 120 என்று கொள்ளவேண்டும் என்றும் விளக்கினார். ஐந்து பேர் வரிசையில் நிற்கும் முறைகள் 120. தலைமையாசிரியர்க்கே தெரியவில்லை என்று கண்டபின் அப்பிள்ளைகள் எதையும் கேட்கக் கூசவில்லை. அந்தக் கேள்வியால் விளைந்த நன்மை அதுவே.

பிறகு அவர் இராமேசுவரத்திற்கு வந்தார். கோயிலுக்குள் தீர்த்தங்கள் இருபத்திரண்டு. யாத்திரிகர் அவற்றில் ஒரு குறிப்பிட்ட வரிசையில் நீராடுவர். விரும்பிய வரிசையில் நீராடலாம் என்றால் எத்தனை வரிசைகள்? 22 காரணீயம். பெருக்கிக் கொண்டே போனோம். கைப்பேசியின் திரை கொள்ளவில்லை. 1124000727777607680000. இருபத்திரண்டின் காரணீயத்திற்கு இலக்கங்களும் சரியாக இருபத்திரண்டு! நொடிக்கு ஒன்றாக உலகம் தோன்றிய நாள் முதல் எண்ணியிருந்தாலும் முடிந்திராது. ஆனாலும் அது முடிவுள்ள எண். ஒரு வரியில் எழுதிவிட்டோம். (அந்தத் தீர்த்தங்களை எந்த வரிசையிலும் காண நம் முன்னோர்க்கு நெடுங்காலம் வழியில்லை, சென்னை மாகாண ஆலய நுழைவுச் சட்டம் வந்தது 1947இல். அது வேறு கணக்கு.)

வரிசை மாற்றத்திற்கும் சேர்மானத்திற்கும் வேறுபாடு என்ன என்பதில்தான் பெரும்பாலோர் தேர்வில் வீழ்கின்றனர். நம் சங்கத்தையே எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு பேரிலிருந்து தலைவர், செயலாளர், பொருளாளர் தெரிந்தெடுக்க 12 பெருக்கல் 11 பெருக்கல் 10, அதாவது 1320 வழிகள். அதே பன்னிரண்டு பேரிலிருந்து மூவர் கொண்ட குழுவை அமைக்க 220 வழிகளே. மூவர்க்குள் பதவிகளை மாற்றி மாற்றி அமர்த்தும் ஆறு முறைகளும் குழுவில் ஒன்றாகிவிடுகின்றன. 1320ஐ ஆறால் வகுத்தால் 220. பதவி என்று வந்தால் வழிகள் ஆறு மடங்காகின்றன. பூசல் எத்தனை மடங்காகிறது என்பது சங்கப் பெரியோர்க்குத் தெரியும். நாம் அதற்குள் போகவில்லை.

இப்பாடம் எவ்வாறு தோன்றியது என்பதையும் சொல்லவேண்டும். வரலாற்றுக்காரர் அதைவிட்டால் வேறு என்ன சொல்வார்? அமெரிக்காவில் டார்ட்மத் கல்லூரியைச் சேர்ந்த ஜான் கெமனி, லாரி சினெல், ஜெரால்டு தாம்சன் என்னும் மூவர் 1957இல் முடிவுறு கணிதத்திற்கு ஓர் அறிமுக நூலை வெளியிட்டனர். அதுவரை கல்லூரிக் கணிதம் என்றால் பொறியியலுக்கும் இயற்பியலுக்கும் வேண்டிய நுண்கணிதமே முதற்படி. சமூகவியலும் உயிரியலும் பயில்வோர்க்குப் பயன்படும் கணிதம் ஒன்று உண்டு, அதற்கு நுண்கணிதம் தேவையில்லை என்று காட்டிய நூல் அது. கெமனி அங்கேரி நாட்டு யூதர். நாஜிகள் காலத்தில் சிறுவனாகக் குடும்பத்தோடு 1940இல் அமெரிக்காவில் அடைக்கலம் புகுந்தவர். கலை மாணவரும் கணிப்பொறியைக் கையாள வேண்டும் என்று தாமஸ் கர்ட்ஸுடன் சேர்ந்து 1964இல் பேசிக் என்னும் எளிய கணினி மொழியை உருவாக்கியவரும் அவரே. 1970இல் அக்கல்லூரியின் தலைவரானார். செவ்விந்தியப் பழங்குடி இளைஞரின் கல்விக்கென்று சொல்லி 1769இல் தொடங்கப்பட்ட கல்லூரி அது; ஆயினும் முதல் இருநூறு ஆண்டுகளில் அங்கே பட்டம் பெற்ற பழங்குடியினர் இருபதின்மரைத் தாண்டவில்லை. அந்தப் பழைய வாக்குறுதியைத் தம் தலைமையில் மீண்டும் கையிலெடுத்தார் கெமனி. வாக்குறுதி ஏட்டில் இருந்து, ஆள் வகுப்பறையில் இல்லாத கதை நமக்குப் புதிதன்று.

அந்நூல் வெளிவந்த 1957ஆம் ஆண்டு நம் மாவட்டத்தில் எத்தகைய ஆண்டு என்பதை முன்வரிசையில் அமர்ந்துள்ள முதியோர் அறிவர். அவ்வாண்டு செப்டம்பர் 11ஆம் நாள் பரமக்குடியில் இம்மானுவேல் சேகரனார் கொல்லப்பட்டார். நம் சிற்றூர்களில் பிள்ளைகள் உயிருக்கு அஞ்சி ஒடுங்கிய நாள்களில், உலகின் மறுகோடியில் எவரோ எழுதிய பாடம் அறுபது ஆண்டுகள் கடந்து நம் பெண்பிள்ளையின் கல்லூரித் தாளில் வந்து நிற்கிறது. இதை நினைக்குந்தோறும் எமக்கு வியப்பு. காரணீயக் குறி அன்று, மெய்யான வியப்புக்குறி.

இனி, இப்பாடம் நமக்கு ஏன் இன்றியமையாதது என்பதற்கு வருவோம். வேலைவாய்ப்பைச் சொல்லலாம். பத்தாம் வகுப்புத் தகுதிக்குரிய தொகுதி 4 தேர்வில் 2022 முதல் 200 வினாக்களில் 25 திறனறிவு வினாக்கள். வங்கி, இரயில்வே தேர்வுகளிலும் அப்பகுதி உண்டு. அது நீங்கள் அறிந்ததே. நாம் சொல்ல வந்தது வேறு.

நம் மாநிலத்தில் இட ஒதுக்கீடு 69 விழுக்காடு. ஆதி திராவிடர்க்கு 18. அந்தப் பதினெட்டுக்குள் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி அருந்ததியர்க்கு முன்னுரிமையாக 3. பழங்குடியினர்க்கு 1. இவற்றை மேடையில் முழங்காத இளைஞர் இல்லை. ஆனால் ஓர் அலுவலகத்தில் ஐந்து பணியிடங்கள் காலி என்றால் அதில் 18 விழுக்காடு எவ்வளவு? 0.9 ஆள். மனிதரைப் பின்னமாக்க முடியுமா? விழுக்காட்டை முழு ஆள்களாக மாற்றுவதற்கே இனச்சுழற்சிப் பட்டியல் இருக்கிறது. அதில் 200 இடங்கள். பொதுப்பிரிவு 62, பிற்படுத்தப்பட்டோர் 53, பிற்படுத்தப்பட்ட முசுலிம்கள் 7, மிகப் பிற்படுத்தப்பட்டோரும் சீர்மரபினரும் 40, ஆதி திராவிடர் 36 (இதில் அருந்ததியர் முன்னுரிமை 6), பழங்குடியினர் 2. கூட்டிப் பாருங்கள், 200 வரும். நூறு இடங்களை வைத்துக்கொண்டால் முசுலிம்களின் மூன்றரை விழுக்காடு மூன்றரை ஆளாகிவிடும். இருநூறில் அது ஏழாகிறது, எல்லாம் முழு எண்களாகின்றன. ஒரு தேர்வில் சுழற்சி எந்த இடத்தில் நின்றதோ, அடுத்த தேர்வில் அதற்கு அடுத்த இடத்திலிருந்து தொடரவேண்டும். அது சரியாகத் தொடர்ந்ததா என்பதைக் கண்டறிய 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வழிவிடுகிறது. ஆனால் வந்து சேரும் பட்டியலைப் படித்துச் சரிபார்க்க நம்மில் எத்தனை பேர் இருக்கிறோம்?

உள்ஒதுக்கீட்டைப் பற்றியும் ஒரு சொல். உட்பிரிவு செய்ய மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டு 1ஆம் நாள் தீர்ப்பளித்தது. அதைப் பற்றி நம் கூட்டங்களில் சொல் தடித்ததைக் கண்டிருக்கிறோம். எவர் கருத்து எதுவாயினும், பதினெட்டு ஒரு கணம், மூன்று அதன் உட்கணம் என்று ஒரு வென்படம் வரைந்து வைத்துக்கொண்டு பேசினால், எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதாவது தெளிவாகும். பதினெட்டோடு மூன்றைக் கூட்டி இருபத்தொன்று என்று வாதிட்டவரை நாம் நேரில் கண்டோம்!

முடிவுறு கணிதத்தில் வாக்குக் கூட்டணி என்றொரு பகுதி உண்டு. மேலே சொன்ன நூலிலும் அது இடம்பெற்றது. ஓர் அவையில் 100 வாக்குகள். முடிவெடுக்க 51 வேண்டும். மூன்று அணியினர்க்கு முறையே 45, 40, 15 வாக்குகள். பதினைந்து வாக்கு அணிக்கு வலிமை எவ்வளவு? நூற்றுக்குப் பதினைந்து என்று தோன்றும். அன்று. எந்த இரண்டு அணிகள் சேர்ந்தாலும் 51 கடந்துவிடும். எந்த ஒன்றும் தனித்து வெல்லாது. எனவே மூவர்க்கும் வலிமை சமம், மூன்றில் ஒரு பங்கு. இப்போது முதல் அணி 51, இரண்டாவது 34, மூன்றாவது 15 என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து மாறவில்லை, ஆனால் வலிமை சுழியாகிவிட்டது. முதல் அணி எவரையும் கேட்கவேண்டியதில்லை. இவ்வலிமையை அளக்கும் முறையை ஷாப்லி, ஷூபிக் என்னும் இரு அறிஞர் 1954இல் வகுத்தனர்.

அதற்கு இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1932இல், இவ்வினாவை அண்ணல் அம்பேத்கர் எழுப்பினார். புனா ஒப்பந்தப்படி மாகாணச் சட்டமன்றங்களில் ஒடுக்கப்பட்டோர்க்கு 148 இடங்கள் கிடைத்தன. எண்ணிக்கை பெரிது. ஆனால் தேர்ந்தெடுக்கும் முறை எப்படி? முதலில் ஒடுக்கப்பட்ட வாக்காளர் மட்டும் வாக்களித்து நால்வரைத் தெரிவு செய்வர். பின்னர் அந்நால்வருள் ஒருவரைப் பொதுத் தொகுதியின் எல்லா வாக்காளரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பர். நம் மக்கள் முதலிடம் தந்தவர் தோற்கலாம். நான்காம் இடம் தந்தவர் வெல்லலாம். இடங்களின் எண்ணிக்கை வேறு, அவ்விடத்தில் அமர்பவரைத் தீர்மானிக்கும் வலிமை வேறு. அம்பேத்கர் பின்னாள்களில் இதைக் குறித்து மனம் நொந்து எழுதியதன் உட்பொருளை நாம் வரலாற்றுப் பாடத்தில் பலமுறை நடத்தியிருக்கிறோம். ஆயினும் ஞாயிற்றுக்கிழமைப் பலகையில் 45, 40, 15 என்ற மூன்று எண்களைப் பார்த்த பிறகுதான் நமக்கே அது முழுதாக விளங்கியது. வரலாற்றுக்காரர் கணிதம் பேசலாமா என்று வாயிலில் கேட்ட நண்பர்க்கு இதுவே விடை.

நேரியல் திட்டமிடலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லி அமைகிறோம். நம் மாவட்டத்துக் குண்டு மிளகாய் புவிசார் குறியீடு பெற்றது 2023இல். நான்கு ஏக்கர் குத்தகை நிலத்தில் மிளகாயும் பருத்தியும் இடுகிறது ஒரு குடும்பம் என்க. மிளகாய்க்கு ஏக்கருக்கு 60 ஆள்நாள் உழைப்பு, பருத்திக்கு 30. வீட்டில் உள்ளோர் தரக்கூடியது மொத்தம் 180 ஆள்நாள். செலவுபோக மிளகாயில் ஏக்கருக்கு 20,000 ரூபாய், பருத்தியில் 15,000 நிற்கும் என்று கணக்கிற்காகக் கொள்வோம். மிளகாயில்தானே மிச்சம் அதிகம் என்று அதையே இட்டால் மூன்று ஏக்கரோடு உழைப்பு தீர்ந்துவிடும், 60,000. பருத்தி மட்டும் இட்டால் நான்கு ஏக்கர், அதுவும் 60,000. இரண்டு இரண்டாகப் பிரித்தால் நிலமும் உழைப்பும் மிச்சமின்றிப் பயன்பட்டு 70,000. இரண்டு கோடுகளை வரைபடத்தாளில் வரைந்து, அவை வெட்டும் மூலையைப் பார்த்தால் இது தெரிந்துவிடும். பொருள்கள் இரண்டாக இல்லாமல் இருநூறாக இருந்தால் என்ன செய்வது என்பதற்கு அமெரிக்கரான டான்சிக் 1947இல் வழி கண்டார். சோவியத்து நாட்டுக் கான்டரோவிச் 1939லேயே இத்துறையில் எழுதியிருந்தார். 1975இல் பொருளியல் நோபல் பரிசை அவரும் கூப்மன்சும் பகிர்ந்துகொண்டனர். டான்சிக்கிற்குத் தரவில்லை. அது ஏன் என்று எமக்கு இன்றும் விளங்கவில்லை.

இத்தாளை எழுதப்போகும் பிள்ளைகளுக்குச் சில நடைமுறைச் செய்திகள். நம் பிள்ளைகள் தோற்பது பெரும்பாலும் கணக்கில் அன்று, சொல்லில். தமிழ் வழியில் ‘கணம்’ என்று படித்தவர், கல்லூரியில் ‘செட்’ என்றதும் விழிக்கிறார். ‘அணி’ என்றால் தெரியும். ‘மேட்ரிக்ஸ்’ என்றால் அஞ்சுகிறார். அம்மாணவி ஒரு நாற்பது பக்கக் குறிப்பேட்டில் இடப்புறம் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும், வலப்புறம் பள்ளித் தமிழ்ச்சொல்லையும் எழுதி வைத்தாள். நூற்றுச் சொச்சம் சொற்களில் பாடத்தின் அச்சம் பாதி தீர்ந்தது. அடுத்து, எந்த எண்ணும் கணக்கையும் தொடங்குமுன் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: வரிசை மாறினால் விடை மாறுமா? எடுத்ததை மீண்டும் எடுக்கலாமா? இவற்றிற்கு விடை சொல்லாமல் சூத்திரத்தைத் தொடாதீர்கள். எண்கள் பெரியனவாக இருந்தால், மூன்று பேர், நான்கு பேர் என்று சுருக்கி எழுதிப் பார்த்து வழி சரியா என்று அறியுங்கள். ‘குறைந்தது ஒன்று’ என்று வினா வந்தால், ஒன்றுகூட இல்லாத நிலையைக் கண்டு ஒன்றிலிருந்து கழியுங்கள். வள்ளத்தில் இரண்டு மோட்டார். ஒவ்வொன்றும் பத்தில் ஒருமுறை நின்றுபோகக்கூடியது. ஒன்றின் பழுது மற்றதைத் தொடாது. இரண்டும் ஒருசேர நிற்பது நூற்றில் ஒருமுறை. ஆகவே குறைந்தது ஒன்றாவது ஓடிக் கரைசேர்ப்பது நூற்றில் தொண்ணூற்றொன்பது. இதைக் கேட்ட மீனவர் வீட்டுப் பையன், “இரண்டிற்கும் ஒரே டீசலை ஊற்றினால், டீசலில் தண்ணீர் இருந்தால்?” என்றான். ஆசிரியர் அவனைத் தட்டிக்கொடுத்து, சார்பிலா நிகழ்ச்சி என்றால் என்ன என்பதை அவன் வாயிலிருந்தே வகுப்பிற்குக் கற்பித்தார்.

எல்லாம் எளிது என்று சொல்லி உங்களை ஏமாற்ற விரும்பவில்லை. அணிகளைப் பெருக்குவது சலிப்பூட்டும் வேலை. ஓரிடத்தில் குறி தவறினால் முழுதும் போகும். நிபந்தனை நிகழ்தகவு எமக்கு இன்னும் குழப்பமே. ஐவருள் மூவர் அடுத்த பருவத்தில் தேறினர். அம்மாணவி அப்போதும் தோற்று, மறுமுறை 47 பெற்றுத் தேறினாள். இன்று இராமநாதபுரத்தில் தணிக்கையாளர் ஒருவரின் அலுவலகத்தில் கணக்கெழுதுகிறாள். ஐந்தாமவன், அந்த டீசல் கேள்வி கேட்டவன், தேர்வுக்கே வரவில்லை. தந்தையின் கடனுக்காகத் திருப்பூருக்குப் போய்விட்டான். வீட்டிற்கு மும்முறை சென்று பார்த்தோம். அத்தாளை எழுதி முடிக்க இன்னும் வாய்ப்பு உண்டா என்று அவன் கல்லூரியில் விசாரித்து வைத்திருக்கிறோம். அவன் உறவினர் எவரேனும் இக்கூட்டத்தில் இருந்தால், விழா முடிந்ததும் எம்மை வந்து காண வேண்டுகிறோம்.

அடுத்த ஞாயிறு முதல் காலை பத்து மணிக்குச் சங்கக் கட்டடத்தின் மாடியறையில் இவ்வகுப்பு நடைபெறும். ஆசிரியர் அய்யா முதுமையால் மாதத்தில் இரு வாரமே வருவார். மற்ற இரு வாரமும் அம்மாணவி நடத்துவாள். நாம் பின்பலகையில் இருப்போம். பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளின் பெற்றோர், பிரிவைத் தெரிந்தெடுக்குமுன் பிள்ளையோடு ஒருமுறை அங்கே வரவேண்டும். மதிப்பெண் பட்டியலை வீட்டிலேயே வைத்துவிட்டு வரலாம். பிள்ளைகள் வரும்போது நாற்பது பக்கக் குறிப்பேடு ஒன்றும் பென்சிலும் கொண்டு வரவேண்டும். அறையில் கரும்பலகை இல்லை. அதைச் செயலாளர் அவர்கள் இவ்வாரத்திற்குள் வாங்கித் தருவதாக இசைந்துள்ளார்.